வாட்டர் தீம் பார்க் டூர்: பையில் என்ன வைக்கலாம், எதை வீட்டிலேயே விடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. மே மாதம் பிறந்தால் சொந்தக்காரர்களுக்கோ கம்பெனி ஆட்களுக்கோ வேன் பிடித்து, டிக்கெட் போட்டு, ரூம் பேசுவது என் தலையில் வந்து விழும். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், கொச்சி வொண்டர்லா, பெங்களூரு பக்கம் பிடதி வொண்டர்லா என்று வாட்டர் பார்க்குகளுக்கு மாறி மாறிப் போயிருக்கிறோம். 2025 டிசம்பரில் சென்னைக்கு வெளியே இள்ளலூரிலும் ஒரு வொண்டர்லா வந்துவிட்டதால் இப்போது அந்தப் பக்கத்துச் சொந்தங்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் போட்டு வைத்திருக்கிறேன்.

"நாலு பேரு, ரெண்டு ராத்திரி. எத்தனை பைங்க வேணும்?"

மூன்று. ரூமிலேயே கிடக்கும் பெரிய பை ஒன்று. வண்டியில் கிடக்கும் பை இன்னொன்று. அதில் தின்பண்டம், ஒரு பழைய பெட்ஷீட், திரும்பும்போது தேவைப்பட்டால் மாற்ற ஒரு செட் துணி. மூன்றாவது, பார்க்குக்குள் எடுத்துப் போகும் பை. இது லாக்கருக்குள் அடங்க வேண்டும். பள்ளிக்கூடப் பை அளவைத் தாண்டினால் லாக்கர் முன்னால் நின்று பிதுக்க வேண்டியிருக்கும்.

உள்ளே போகும் பையில் ஆளுக்கு தண்ணீரில் இறங்க ஒரு நைலான் செட், ஒரு காய்ந்த செட், ஒரு துண்டு. அப்புறம் சன்ஸ்கிரீன், சீப்பு, மருந்து, ஈரத்துணிக்கு ஒரு பை. டர்க்கி டவல் வேண்டாம், ஈரோட்டுத் துண்டு போதும். ஒரு டர்க்கி டவல் அடைக்கும் இடத்தில் நாலு துண்டு அடங்கும், வேன் கம்பியில் கட்டினால் ஊர் வந்து சேர்வதற்குள் காய்ந்தும் விடும். காய்ந்த செட் என்றால் ஜட்டி, உள்பாவாடை உட்பட. வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் அதைத்தான் மறக்கிறார்.

"காட்டன் டீசர்ட் போட்டா என்னங்க? நம்ம ஊரு துணிதானே?"

நம்ம ஊருக்குச் சோறு போடுவதே காட்டன்தான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் விளையாட்டுக்கு அது ஆகாது. ஊறிக் கனக்கும், தொங்கும், சறுக்கில் உடம்போடு ஒட்டிக்கொண்டு பாதியில் நிறுத்தும். உதிரும் பஞ்சு ஃபில்டரில் போய் அடையும், மட்டமான சாயமாக இருந்தால் தண்ணீரிலும் இறங்கும். அதனால்தான் பெரிய பார்க்குகளில் நைலான், பாலியஸ்டர் போன்ற துணிகளை மட்டும் தண்ணீரில் விடுகிறார்கள்.

துணி வாங்கி விற்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. சாதாரணக் காற்றில் இருக்கும்போதே காட்டன் தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நைலான் 4 சதவீதம்தான், பாலியஸ்டர் 0.4. தண்ணீருக்குள் முக்கி எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் காற்றடிக்கும்போது நைலான் போட்டவர் உதறிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போவார். எப்படியோ காட்டனோடு உள்ளே நுழைந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு வெயிலைத் தேடுவார்.

"என்கிட்ட லைக்ரா லெக்கிங்ஸ் இருக்கு. அது போதும்ல?"

இடுப்பு லேபிளைத் திருப்பிப் பாருங்கள். கடையில் லைக்ரா என்று சொல்லிக் கொடுப்பதில் பெரும்பாலும் 95 சதவீதம் காட்டன், மீதி 5தான் ஸ்பான்டெக்ஸ் என்கிற இழுபடும் நூல். அது காட்டன் கணக்கில்தான் சேரும்.

லேபிள் கிழிந்து போயிருந்தால் எங்கள் பழைய முறை இருக்கிறது. உள்பக்க ஓரத்திலிருந்து துணியின் நூல் ஒன்றை உருவி, தீக்குச்சியில் காட்டுங்கள். தையல் நூலை உருவாதீர்கள், காட்டன் துணியிலும் தையல் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலில்தான் இருக்கும். காட்டன் என்றால் காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து சாம்பலாக உதிரும். நைலான், பாலியஸ்டர் என்றால் சுருங்கி உருகி, நுனியில் கடுகு மாதிரி ஒரு கெட்டி உருண்டை நிற்கும். ஜிப், உலோகப் பட்டன், ரிவெட் வைத்த அரைக்கால் பேண்ட்டும் சறுக்கில் ஆகாது, சறுக்கையும் கீறும், பக்கத்து ஆளையும் கீறும். பார்க் கடையிலேயே உடை கிடைக்கும். ஆனால் கூட்ட நாளில் நமக்கு வேண்டிய அளவு தீர்ந்திருக்கும்.

"எங்கம்மா புடவை தவிர வேற கட்ட மாட்டாங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போறதா வேண்டாமா?"

கூட்டிப் போங்கள். புடவையோடு உள்ளே நடக்கலாம், உட்காரலாம், தண்ணீர் இல்லாத மெதுவான ராட்டினங்களில் ஏறலாம். தண்ணீருக்குள் மட்டும் புடவை, துப்பட்டா, வேட்டி, லுங்கி எதையும் விடமாட்டார்கள். காலில் சுற்றினால் இடுப்பளவு தண்ணீரிலேயே எழுந்திருக்க முடியாது.

என் அம்மாவும் முதல் வருஷம் கரையில் உட்கார்ந்து பைக்குக் காவல் இருந்தார். அடுத்த வருஷம் முழுக்கை வைத்து, தொடை வரை இறங்குகிற மாதிரி ஒரு நைலான் மேலாடையும் கணுக்கால் வரை பேண்ட்டும் தைத்துக் கொடுத்தேன். "இதென்னடி சர்க்கஸ்காரி மாதிரி" என்றுதான் போட்டார். அன்றைக்கு வேவ் பூலில் (அலையடிக்கும் குளம்) இருந்து அவரை வெளியே கூப்பிட இரண்டு பேரை அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

"புளிசாதம் கட்டிட்டு வரலாமா? உள்ள விலை ஜாஸ்தியாமே?"

பெரும்பாலான பார்க்குகளில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் பொதுவாக விலக்கு உண்டு, சர்க்கரை நோயாளிக்குக் கொஞ்சம் பிஸ்கட் என்றால் சொல்லிக் கேட்கலாம். ஒரு முறை என் மாமியார் பதினெட்டுப் பேருக்குக் கட்டிய புளிசாதத் தூக்கை வாசலில் நிறுத்திவிட்டார்கள். வேண்டாம் என்று முந்தின நாளே சொன்னேன், கேட்கவில்லை. பார்க்கிங்கில் வேன் நிழலில் பெட்ஷீட்டை விரித்து, காலை பத்தரைக்கே எல்லாரும் மதியச் சாப்பாட்டை முடித்தோம்.

புளிசாதம் என்றால் வண்டியில் சாயங்காலம் வரை தாங்கும். தயிர்சாதம் வேண்டவே வேண்டாம், மே மாத வெயிலில் மூடிய வேனுக்குள் மதியத்துக்குள் புளித்துப் பொங்கிவிடும். முறுக்கு, கடலைமிட்டாய், வாழைப்பழம் வண்டிப் பையில் இருக்கட்டும். விளையாடிவிட்டு வெளியே வரும்போது எல்லாருக்கும் அகோரப் பசி எடுக்கும்.

"செருப்பா, ஷூவா?"

ரப்பர் செருப்பு, பழசாக. சறுக்கில் வெறுங்கால்தான். ஆனால் ஒரு விளையாட்டில் இருந்து இன்னொன்றுக்குப் போகும் தரை உச்சி வெயிலில் தோசைக்கல். புது செருப்பு போட்டால் மாறிப் போகும்.

"போன் எடுத்துட்டுப் போகலாமா? என்னோடது வாட்டர் புரூஃப்தான்."

வாட்டர் புரூஃப் போனில் ஐபி68 என்று போட்டிருப்பது நல்ல தண்ணீரில் அசையாமல் வைத்துச் செய்த சோதனை. குளோரின் தண்ணீரில் வேகமாக வந்து விழுவது வேறு கதை. தண்ணீர் புகுந்தால் வாரண்டியிலும் பெரும்பாலும் சேராது. கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் உறை வாங்கினால், வீட்டில் உள்ளே டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் வாளியில் அமுக்கிப் பாருங்கள். பேப்பர் நனையாவிட்டால் மட்டும் போனை நம்பி வையுங்கள். சறுக்கில் அந்த உறையோடும் ஏற விடமாட்டார்கள்.

போன் லாக்கரில் என்றால் ஜிபே-யும் லாக்கரில்தான். அதனால் கொஞ்சம் நோட்டு தனியாக ஒரு ஜிப் கவரில் இருக்கட்டும். எத்தனை மணிக்கு எந்த இடத்தில் எல்லாரும் கூடுவது என்று போனை வைப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

"சன்ஸ்கிரீன் 100 எஸ்பிஎஃப் வாங்கினா நாள் பூரா தாங்குமா?"

தாங்காது. எஸ்பிஎஃப் 30 புறஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அதற்கு மேல் நம்பர் ஏற ஏற விலைதான் ஏறும். வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்ட 30 அல்லது 50 போதும். தண்ணீரில் இறங்க 15, 20 நிமிஷம் முன்னால் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் துவட்டிய பிறகும் மறுபடி தடவ வேண்டும். காதுமடல், பின்கழுத்து, பாதத்தின் மேல்பக்கம் மூன்றையும் விடாதீர்கள். கருப்பாக இருப்பவர்களுக்கு வேண்டாம் என்பது சும்மா பேச்சு. எங்கள் கட்டிங் மாஸ்டர் அதை நம்பி மூன்று நாள் பின்கழுத்தில் கற்றாழை தடவினார்.

"ஒன்றரை வயசுப் பாப்பா. சாதா டயப்பரே போடட்டுமா?"

சாதா டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் ஜெல் இருக்கிறது. குளத்துத் தண்ணீரை அது மொத்தமாகக் குடித்து, பலாப்பழம் மாதிரி உப்பி, கடைசியில் வெடித்து ஜெல் தண்ணீரில் மிதக்கும். நீச்சல் டயப்பர் தனியாகக் கிடைக்கும். அது மலத்தைத்தான் பிடித்து வைக்கும், சிறுநீரைப் பிடிக்காது. அதனால் வேனில் போகும்போது சாதா, தண்ணீரில் நீச்சல் டயப்பர். இரண்டுமே பையில் இருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்குக் கீழ் என்றால் முந்தின பதிலில் சொன்ன சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழல், தொப்பி, முழுக்கைத் துணி போதும். என்னைக் கேட்டால் அந்த வயசுக் குழந்தையோடு ஒருத்தர் ரூமிலேயே இருப்பது எல்லாருக்கும் நிம்மதி.

"பசங்க கூட்டத்துல தொலைஞ்சிருவாங்களோன்னு பயமா இருக்கு."

பயம் சரிதான். நைலான் வாங்கும்போதே நிறத்தில் கவனம் வையுங்கள். நீலம், வெள்ளை இரண்டும் குளத்தின் நீல டைலோடு கலந்து, தண்ணீருக்குள் ஆளே தெரியாது. பளீர் ஆரஞ்சு, பளீர் பிங்க் தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும். எங்கள் குடும்பத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே ஆரஞ்சுத் துணியில் வெட்டித் தைத்தோம். பார்க்க ரோடு வேலைக்காரர்கள் மாதிரி இருக்கும், பரவாயில்லை. போன் நம்பரைப் பெர்மனன்ட் மார்க்கரில் கையில் எழுதுங்கள், பால்பாயிண்ட் அழிந்துவிடும்.

காற்றடிக்கும் கைப்பட்டை, வாத்து ட்யூப் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். அவை பொம்மைகள்தான், உயிர் காக்காது. தேவையான ட்யூபையும் ஜாக்கெட்டையும் அங்கேயே தருவார்கள். உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் பிள்ளை இருப்பதுதான் பாதுகாப்பு.

"பையனுக்கு ஆறு வயசு. அரை டிக்கெட்தானே?"

பல இடங்களில் வயசைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறார்கள். எந்த விளையாட்டில் ஏறலாம் என்பதும் உயரத்தை வைத்துத்தான். முந்தின நாளே சுவரில் நிறுத்தி, செருப்பு இல்லாமல் அளந்து, பார்க்கின் தளத்தில் பாருங்கள். எதில் ஏற முடியாது என்பதை வீட்டிலேயே சொல்லிவிட்டால் அங்கே வரிசை முனையில் நின்று அழுவது மிச்சம்.

"தலைக்கு எண்ணெய் வச்சுட்டுப் போனா குளோரின் பிடிக்காதாமே?"

எண்ணெய் தண்ணீரில் மிதந்து மற்றவர் மேல் படியும், வேண்டாம். இறங்கும் முன் ஷவரில் தலையை நல்ல தண்ணீரால் நனைத்துவிடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும். முடியைக் கொண்டையாக இறுக்கிக் கட்டுங்கள், ரப்பர் பேண்ட் நாலைந்து உபரியாக இருக்கட்டும். இன்னொன்று: மூக்கில் ஏறும் அந்த 'குளோரின் வாசம்' குளோரின் அதிகம் என்பதால் மட்டும் வருவதில்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால் வரும் வாசம் அது. அதனால் குளித்துவிட்டு இறங்குங்கள்.

"தாலியைக் கழட்ட மாட்டேன். என்ன பண்ணட்டும்?"

கழற்றச் சொல்லவில்லை. கழுத்து ஏறிய நைலான் மேலாடைக்குள் விட்டு, வெளியே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கனமான சங்கிலி என்றால், அன்றைக்கு மட்டும் திருமாங்கல்யத்தை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்பவர்களும் எங்கள் வீட்டில் உண்டு. புதுக் கயிறு சாயம் விடும், முந்தின நாளே ஒரு தண்ணீரில் அலசுங்கள். பெரியவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது உங்கள் சாமர்த்தியம்.

மற்ற நகை எதுவும் வேண்டாம். தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரமும் மெட்டியும் தானாகக் கழலும். எங்கள் அண்ணியின் இடது கால் மெட்டி இன்னும் ஏதோ ஒரு வேவ் பூலின் வடிகாலில்தான் இருக்கிறது. கொலுசு ட்யூபில் மாட்டும். குழந்தையின் வெள்ளி அரைஞாணையும் கழற்றிவிடுங்கள். இதையெல்லாம் லாக்கரில் வைப்பதை விட ஊரிலேயே பீரோவில் வைத்துவிட்டு வருவது மேல்.

"கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது. லென்ஸ் போட்டுக்கலாமா?"

லென்ஸோடு தண்ணீரில் இறங்கக் கூடாது. தண்ணீரில் இருக்கும் ஒருவகை அமீபா லென்ஸுக்கு அடியில் தங்கிக் கருவிழியைப் புண்ணாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பார்வையே போகலாம். பழைய கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் கட்டும் எலாஸ்டிக் கயிற்றோடு போடுங்கள். பெரிய சறுக்கில் அதையும் கழற்றச் சொல்வார்கள். அப்போது யாராவது கையைப் பிடித்து ஏற்றிவிட வேண்டியதுதான்.

"அக்கா, டூர் அன்னிக்கு எனக்கு டேட் வருது..."

குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது, வருஷம் தவறாமல் வரும். பேட் தண்ணீரில் ஊறிப்போகும், பயன்படாது. டாம்பான், மென்ஸ்ட்ருவல் கப் பழகியவர்கள் தாராளமாக இறங்கலாம். டூர் அன்றைக்குத்தான் முதல் முறை என்று வைத்துக்கொள்ளாதீர்கள், ஒன்றிரண்டு மாதம் முன்பே பழகிப் பாருங்கள். அடர் நிற நைலான் பேண்ட் உபரியாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாத ராட்டினங்களிலேயே அரை நாள் போகும். தள்ளிப்போடும் மாத்திரையை மெடிக்கலில் நேராகக் கேட்டு வாங்க வேண்டாம், டாக்டரைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

"மருந்துப் பெட்டியில என்ன இருக்கணும்?"

தினசரி மாத்திரை, பாராசிட்டமால், வாந்திக்கு டாக்டர் சொன்னது, தண்ணீரில் உரியாத பிளாஸ்திரி, ஓஆர்எஸ் பொடி. நாள் முழுக்கத் தண்ணீரில் இருப்பதால் வியர்ப்பது தெரியாது, சாயங்காலம் தலைவலி வந்த பிறகுதான் தெரியும். ஓஆர்எஸ் பாக்கெட் 1 லிட்டருக்கும் வரும், 200 மில்லிக்கும் வரும். அட்டையைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். பெட்டியில் வரும் இனிப்பு ஜூஸை ஓஆர்எஸ் என்று நம்பிப் பலர் வாங்கினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தடுத்துவிட்டது.

இதயக் கோளாறு, பிபி, கர்ப்பம், சமீபத்தில் ஆபரேஷன் என்றால் வேகமான விளையாட்டுகளில் ஏறக் கூடாது. செவிப்பறையில் ஓட்டையோ காதில் சீழோ இருக்கும் பிள்ளையைத் தண்ணீரில் விடும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

"ஜூன் முதல் வாரம் கொச்சி. கூட்டம் கம்மியா இருக்கும்ல?"

கூட்டம் கம்மி, மழை ஜாஸ்தி. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதியே ஜூன் 1. நனையத்தானே போகிறோம் என்பார்கள். ஆனால் இடி மின்னல் வந்தால் விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள், ரூமில் துணியும் காயாது. முதல் கேள்வியில் சொன்ன காய்ந்த செட்டை இரண்டாக்குங்கள். கயிறு, கிளிப், ரெயின்கோட் சேர்த்து வையுங்கள். பிள்ளைகளோடு நடக்கும்போது குடை பிடிக்கக் கை இருக்காது.

"பிளாக் தண்டர் முடிச்சுட்டு அப்படியே ஊட்டி ஏறிடலாம்னு இருக்கோம்."

ஏறலாம், ஆனால் பை வேறு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மத்தியானம் அடிவாரத்தில் வெயிலில் வெந்துவிட்டு, ஈரத்தலையோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலையேறினால் பாதி வழியிலேயே குளிரில் நடுங்குவீர்கள். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸை ரூம் பையின் அடியில் அமுக்காமல் வண்டிப் பையில் மேலாக வையுங்கள்.

வெளி மாவட்ட வண்டிக்கு 2024 மே 7 முதல் நீலகிரியில் இ-பாஸ் கேட்கிறார்கள். கிளம்பும் முன்பே அரசுத் தளத்தில் எடுத்து வையுங்கள், கல்லாறு சோதனைச்சாவடியில் பார்ப்பார்கள். நீலகிரியில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு. ஈரத்துணியைக் கேரி கவரில் கட்டிப் போகாதீர்கள், கனமான ரெக்சின் பையோ பழைய அரிசிச் சாக்கோ போதும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்.

"சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோவுக்கும் இதே லிஸ்ட்தானா?"

இல்லை. அது சென்டோசா தீவில் இருக்கும் உலர் பார்க். நடைதான் அதிகம், காட்டனே போட்டுப் போகலாம், பழகிய ஷூ வேண்டும். ஜுராசிக் பார்க் படகில் மட்டும் நன்றாக நனைவீர்கள், அதற்கு ஒரு மெல்லிய ரெயின்கோட். எந்த மாதமும் மழை வரும் ஊர் என்பதால் அது எப்படியும் உதவும்.

அங்கே பிளக் மூன்று தட்டைக் கால், நம் உருண்டைக் கால் பிளக் நுழையாது. அடாப்டர் எடுங்கள். சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது, 1992 முதலே தடை. பவர் பேங்கைப் பெட்டியில் போடாமல் கையில் எடுத்துப் போகும் பையில் வையுங்கள். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-அவர், 100 வாட்-அவருக்குள் இருப்பதால் விமானத்தில் விடுவார்கள்.

"வர்றப்போ பை மூடவே மாட்டேங்குதுங்க. என்ன பண்றது?"

ஈரத்துணியை அப்படியே திணித்தால் மூடாதுதான். நைலானை நீளமாக விரித்து, அதன் மேல் காய்ந்த துண்டைப் போட்டு, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, முழங்காலால் அமுக்குங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள். குளோரினோடு காய்ந்தால் எலாஸ்டிக் சீக்கிரம் தொய்யும். அயர்ன் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

வண்டிப் பையை அன்றைக்கு ராத்திரியே, எவ்வளவு அசதியாக இருந்தாலும், கீழே இறக்குங்கள். போன வருஷம் ஆயுத பூஜைக்கு மச்சான் வண்டியைக் கழுவும்போது பின்சீட்டுக்கு அடியில் ஒரு கவர் கிடைத்தது. மே மாதத்து ஆரஞ்சு ஷார்ட்ஸ். முடிச்சைப் பாதி அவிழ்த்தவர், மறுபடி கட்டி, அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.